எண்ணாமல் வாங்கிய கட்டு

பட்டமுத்து வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திப் பின்னால் முடிச்சும் போட்டுவிட்டான். சரி, இனி எழுந்திரிக்க முடியாது, சவரம் முடியட்டும், முடிந்த கையோடு ரோட்டைத் தாண்டிப் போய்க் கொடுத்துவிடலாம் என்று குத்தாலிங்கம் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சொன்ன மாத்திரத்திலேயே அது பொய் என்று அவனுக்கே தெரிந்தது. துணி முடிச்சு என்ன யானைச் சங்கிலியா, ஒரு உதறு உதறினால் அவிழ்ந்துவிட்டுப் போகிறது. ஆனாலும் உட்கார்ந்திருந்தான். துணிக்கு அடியில் வலது கை தானாகப் போய் இடுப்பு மடியைத் தொட்டுப் பார்த்தது. இருக்கிறது. இருக்காமல் எங்கே போகும், கால் முளைத்தா ஓடும். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குள் அவன் தோளுக்கு மேலே சலூன் வாசல், வாசலுக்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அப்பால் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் எலுமிச்சங்காய்க் கமிஷன் கடை. வாசலில் சாக்கு மூடைகள், உள்ளே கல்லா மேஜை, மேஜைக்குப் பின்னால் முப்பிடாதி. அந்தப் பெண் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பேனாவாக இருக்கும், ரப்பர் பேண்டாக இருக்கும் என்று நினைத்தான். அது இல்லை என்று தெரிந்துகொண்டேதான் நினைத்தான். பட்டமுத்து முகத்தில் தண்ணீரைத் தெளித்தான். குளிர்ந்தது.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று சும்மாவா சொன்னான். காலையில் மடியில் ஒன்றுமில்லாமல் வந்தபோது எவ்வளவு நிம்மதியாக நடந்து வந்தான். கடன் இருந்தது, கவலை இருந்தது, பயம் இல்லை. போன வாரம் போட்ட காய்க்குப் பணம் வாங்க வந்தான். எப்போதும் போல அண்ணாச்சி "வாப்பா குத்தாலிங்கம், தோட்டம் எப்படிக் கெடக்கு?" என்று கேட்டார். எப்போதும் போல முப்பிடாதி கல்லாவிலிருந்து நாலு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்பது நூறு ரூபாய்த் தாளை அடுக்கி, பத்தாவது தாளை மடித்துக் குறுக்கே சுற்றினால் ஒரு கட்டு. அந்தக் கடையில் அதுதான் வழக்கம். அதை எண்ணுவதில்லை என்பதும் வழக்கம்தான். கொடுக்கிறவர் எண்ணிக் கொடுக்க மாட்டார், வாங்குகிறவன் எண்ணி வாங்க மாட்டான். புதுசாகக் காய் கொண்டுவருகிறவன் எவனாவது எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தால் மற்ற தோட்டக்காரச் சம்சாரிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள். "ஏ, அண்ணாச்சி கடைக் கட்டையா எண்ணுத?" என்று எவராவது கேட்டும் விடுவார்கள். குத்தாலிங்கத்தின் அப்பா எண்ணினதில்லை, அவனும் எண்ணினதில்லை. அந்தப் பெருமையோடு நாலு கட்டையும் மடியில் செருகிக்கொண்டு சலூனுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, சவரக் கூலிக்கு ஒரு தாளை உருவலாமென்று ஒரு கட்டை எடுத்தான். மேலே ஊதா நிறத்தில் நூறு. உள்ளே விரலால் நெம்பினால் சாம்பல் நிறம். அத்தனையும் ஐநூறு. சட்டென்று மூடினான், ஏதோ பெண்பிள்ளை குளிக்கிற இடத்தை எட்டிப் பார்த்துவிட்டவன் மாதிரி. அப்போதே எழுந்திருக்க வேண்டும். அப்போதே எழுந்து "என்ன புள்ள, எனக்குச் சீதனமா கொடுக்க?" என்று கேலி பண்ணிக்கொண்டே போய் நீட்டியிருந்தால் கடையே சிரித்திருக்கும், ஒரு டீ வந்திருக்கும். அந்த நேரம் பார்த்து இந்தப் பட்டமுத்து "வாங்க மச்சான், அடுத்து நீங்கதான்" என்றான். கால் எழுந்தது. ரோட்டுக்குப் போகவில்லை, நாற்காலிக்கு வந்தது.

எப்படி மாறியிருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியும். அவன் நிற்கும்போதுதான் மலையாளத்து வியாபாரி ஒருத்தர் வந்து, லாரி கிளம்புகிற அவசரத்தில் கத்தைகளை மேஜையில் தள்ளிவிட்டுப் போனார். அவருக்கு இந்தக் கடைக் கட்டின் முறை என்ன தெரியும், கைக்கு வந்த நூறு ரூபாய்த் தாளை ஐநூறுகளுக்கு மேலே சுற்றியிருப்பார். இந்தப் பிள்ளை மேல்தாளைப் பார்த்து நூறுக் கட்டுகளோடு போட்டிருக்கும். ஆக இது அண்ணாச்சியின் தப்பும் இல்லை, அந்தப் பிள்ளையின் தப்பும் இல்லை. என் தப்பா? நான் கேட்டேனா? திருடினேனா? கை நீட்டினேன், வைத்தார்கள். பிரஷ் சோப்புக் கிண்ணத்தில் சுற்றுகிற சத்தம் கேட்டது, தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தம் மாதிரி. ஓடின காலத்தில் அப்படித்தான் சத்தம் கேட்கும். இப்போது உள்ளே காயில் கம்பி கருகி, பிரித்துப் போட்டபடி மெக்கானிக் கொட்டகையில் கிடக்கிறது. மூவாயிரத்து ஐநூறு கொடுத்தால்தான் சுற்றுவேன் என்று சொல்லிவிட்டான். இந்த நாலு கட்டும் உரக் கடைக்கும் வட்டிக்கும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பெண்டாட்டி கோமதி குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றுகிறாள். எலுமிச்சைக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? பூவெல்லாம் உதிர்ந்து பிஞ்சும் உதிர ஆரம்பித்துவிட்டது. நேற்று சாயங்காலம் அவள் உதிர்ந்த பிஞ்சுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. இதோ மடியில் மூவாயிரத்து அறுநூறு கூடுதலாக இருக்கிறது. மோட்டாருக்குப் போக நூறு மிச்சம். கடவுள் கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி அல்லவா இருக்கிறது. அப்படித் தோன்றினதுமே கை மடியை விட்டு விலகியது. கடவுள் இவ்வளவு கச்சிதமாகக் கொடுப்பாரா? பூச்சிக்கு விஷ மாவு வைக்கிறவன்தான் இவ்வளவு கச்சிதமாக வைப்பான்.

நுரை ஏறிக்கொண்டே வந்தது, தாடை, கன்னம், காதோரம். கண்ணை மூடினான். மூடினால் முச்சந்தி தெரிந்தது. சின்ன வயதில் முச்சந்தியில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தது, வெட்டிக் குங்குமம் தடவினது, உள்ளே ஒரு எட்டணாக் காசு செருகியிருந்தது. யாரோ தலையைச் சுற்றிக் கழித்துப் போட்டது. காசை எடுத்துக் கால்சட்டையில் துடைத்து மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டான். சாயங்காலம் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தபோது, பையில் மிட்டாய்க் காகிதத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள், காசு எங்கல எடுத்தே? சொன்னான். அவள் அடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த முகம்தான் இன்றைக்கும் பயம். "அவுக கழிச்சுப் போட்ட கஷ்டத்த நீ எடுத்து முழுங்கிட்டியே பாவி" என்றாள். கேட்காமல் வருகிற காசு வெறும் காசாக வராது, கூடவே ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரும். எவன் வீட்டு எதுவோ. இந்தக் கட்டோடு எது வந்திருக்கிறது? மகன் கோயமுத்தூரில் மில்லில் இருக்கிறான், பைக் வேறு வாங்கியிருக்கிறான், ராத்திரி ஷிப்ட். சீ, வாயைக் கழுவு. கோமதிக்குக் கால் வீக்கம். கிணற்றுப் படி பாசி பிடித்துக் கிடக்கிறது, குடத்தோடு இறங்குகிறாள். இப்போது, இந்த நிமிஷம் இறங்கிக்கொண்டிருப்பாளோ? கண்ணைத் திறந்தான். கண்ணாடியில் வெள்ளை நுரைக்கு நடுவே இரண்டு கண்ணும் ஒரு மூக்கும். இதுவா நான்? பட்டமுத்து கத்தியில் புது பிளேடை ஒடித்து மாட்டி, அவன் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையில் வைத்தான்.

அப்போதுதான் எதிர்க் கடையில் சத்தம் கேட்டது. வார்த்தை புரியவில்லை, அண்ணாச்சியின் குரல் என்று மட்டும் புரிந்தது. அவர் சத்தம் போட்டுக் குத்தாலிங்கம் கேட்டதே கிடையாது. தலை சாய்ந்திருந்ததால் கண்ணாடி தெரியவில்லை, விட்டத்து மின்விசிறிதான் தெரிந்தது.

"என்ன சத்தம் அங்க?" பட்டமுத்து கத்தியை எடுக்காமலே வாசலைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சிக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு? அந்தப் புள்ளயைத்தான் வையுதாரு போல."

"எந்தப் புள்ள?" என்று கேட்டான் குத்தாலிங்கம். தெரியாதவன் மாதிரி. தொண்டை அசைந்ததில் கத்தி தோலைத் தடவியது.

"நம்ம முப்பிடாதிதான். எங்க தெருப் புள்ள மச்சான். அவ அப்பன் செத்ததும், நான்தான் அண்ணாச்சி கால்ல விழாத கொறையாச் சொல்லிச் சேத்துவிட்டேன். பன்னெண்டாவது படிச்சிருக்கு, கணக்குல சூரப்புலி. ஆடாதீங்க, ஆடாதீங்க. அந்தச் சம்பளத்துலதான் ஆத்தாளும் தம்பியும் கஞ்சி குடிக்காக."

ஆடவில்லையே, நான் எங்கே ஆடினேன், உடம்பு ஆடுகிறதா? கணக்கில் சூரப்புலியாம். கணக்கில் சூரப்புலியானால் பார்த்துக் கொடுக்க வேண்டியதுதானே. இவள் கவனமாக இருந்திருந்தால் எனக்கு இந்தத் தலைவலி உண்டா, நான் பாட்டுக்கு என் பணத்தை வாங்கிக்கொண்டு பாதி வழி போயிருப்பேன். அவளைக் கோபித்துக்கொண்டதும் கொஞ்சம் தெம்பாக இருந்தது. சம்பளத்தில் பிடிப்பார்கள், அவ்வளவுதான். மாதம் ஐநூறு ஐநூறாகப் பிடித்தால் தெரியவா போகிறது? நான் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அவள் தம்பிக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தால் போகிறது. அட தரித்திரம் பிடித்தவனே, எடுத்த பணத்தில் தர்மம் வேறா? இல்லை, எடுக்கவில்லை, கொடுக்கத்தான் போகிறேன். இந்தச் சவரம் முடிந்ததும். இந்தக் கன்னம் முடிந்ததும். ஒரு கன்னம் முடிந்தது, கத்தியிலிருந்த நுரையைப் பட்டமுத்து காகிதத்தில் வழித்தான். தலையை நிமிர்த்திவிட்டான். கண்ணாடியில் மறுபடியும் கடை வந்தது. கல்லா மேஜைக்குப் பின்னால் யாருமில்லை. அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார், நேரே, கண்ணாடிக்குள்ளிருந்து நேரே அவனைப் பார்த்து.

தெரிந்துவிட்டது. அவ்வளவுதான். ஊர்ச் சம்சாரிகள் முன்னால், இந்தத் துணியைக் கட்டிக்கொண்டு, பாதி மூஞ்சியில் நுரையோடு, மடியை அவிழ்த்துக் காட்டு என்று சொல்லப் போகிறார். எழுந்து நின்று நானே சொல்லிவிட வேண்டும், அவர் வாயைத் திறக்கும் முன்னால், ஒரு நொடி முன்னால் சொன்னாலும் நான் யோக்கியன், ஒரு நொடி பிந்தினால் திருடன். வாயைத் திறந்தான். பட்டமுத்து மீசையை ஒதுக்குவதற்காக மூக்கு நுனியைப் பிடித்து மேலே தூக்கிக் கத்தியை உதட்டுக்கு மேலே வைத்துவிட்டான்.

"பேசாதீங்க மச்சான், வெட்டிரும். வாங்க அண்ணாச்சி, என்ன நீங்களே நடந்து வாரீக, ஒரு குரல் கொடுத்தா நான் வரமாட்டேனா?"

அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பட்டமுத்து, இவனை முடிச்சிட்டு ஒரு எட்டு கடைக்கு வா. நீதான கொண்டாந்து விட்டே. நீ இருந்து பேசினாத்தான் எனக்குப் பழி இல்ல."

"என்ன அண்ணாச்சி ஆச்சு?"

"மலையாளத்தான் கொடுத்ததுல ஒரு கட்டு இல்ல. அந்தப் புள்ள வாங்கி வச்சேங்கா, எங்கன்னு தெரியலேங்கா. அவ பையைத் தட்டிப் பாத்தாச்சு."

மூக்கைப் பிடித்திருந்த விரல் இறுகியது. "அவ அப்படிப்பட்ட புள்ள இல்ல அண்ணாச்சி. பட்டுவாடால யாருக்காச்சும் மாறிக்கீறிப் போயிருக்கும். வந்துட்டுப் போன ஆளுகளை ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தீகளா?"

"யாரைக் கேக்கச் சொல்லுத?" அண்ணாச்சி சிரித்த மாதிரி இருந்தது. "எங்கடைக்குக் காய் போடுத சம்சாரிமார்கிட்டப் போய், உன் மடியில என் துட்டு இருக்கான்னு கேக்கவா? மாறிப் போயிருந்தா இந்நேரம் கொண்டாந்து மூஞ்சியில எறிஞ்சிருக்க மாட்டாங்களா? இந்தா, குத்தாலிங்கம் உக்காந்திருக்கான். இவங்க அப்பா காலத்துலயிருந்து நான் எண்ணிக் கொடுத்ததும் கெடையாது, இவங்க எண்ணி வாங்குனதும் கெடையாது. இவனைக் கேக்கச் சொல்லுதியா?"

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்த முடியாது, அசைய முடியாது, கொட்டின இடத்தைத் தொட முடியாது. மூக்கு பட்டமுத்து கையில், கத்தி உதட்டில், கண் மட்டும் கண்ணாடியில் அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்தது. அவர் அவனைப் பார்த்துத் தலையசைத்தார், நீ கவலைப்படாதே, உன்னைச் சொல்லவில்லை என்கிற மாதிரி. அந்தத் தலையசைப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சொல்ல முடியாமல் கத்தி இருக்கிறதே என்று ஒரு பக்கம் தவித்தான். நல்லவேளை கத்தி இருக்கிறது என்று இன்னொரு பக்கம், சத்தியமாக, சந்தோஷப்பட்டான். அண்ணாச்சி திரும்பி வாசலில் இறங்கினார். கத்தி உதட்டிலிருந்து எடுபட்டது, மூக்கு விடுபட்டது, வாய் சும்மா இருந்தது. அண்ணாச்சி இன்னும் சலூன் படியில்தான் நின்றுகொண்டிருந்தார், ஒரு லாரி போவதற்காக. இப்போது கூப்பிடலாம். அண்ணாச்சி என்று ஒரு சொல். லாரி போயிற்று. அவரும் போனார்.

இனிமேல் எப்படிச் சொல்வது? சவரக் கூலிக்கு எடுக்கும்போது பார்த்தேன் என்று சொல்லலாம், அது நிஜம். ஆனால் எப்போது எடுத்தாய் என்று கேட்டால்? இப்போதுதான் என்று சொல்ல வேண்டும், அது பொய். நிஜத்துக்குள்ளே ஒரு பொய்யை ஒளித்து வைத்தால் அது கண்டுபிடிக்கப்படாது. பட்டமுத்துவுக்குத் தெரியுமோ, பெஞ்சில் உட்கார்ந்து கட்டைப் பிரித்ததைப் பார்த்தானா? பார்த்திருந்தால்? பார்த்துவிட்டுத்தான் தொண்டையில் கத்தியை வைத்தானா? இல்லாவிட்டால் ஒன்று செய்யலாம், வழிமறிச்சான் கோயில் உண்டியலில் அப்படியே போட்டுவிடலாம். சாமிக்குப் போனால் பாவம் போகும். அந்தப் பிள்ளைக்கு என்ன போகும்? இல்லாவிட்டால் கடைச் சாக்குகளுக்கு நடுவே போட்டுவிடலாம், விழுந்து கிடந்த மாதிரி, நாளைக்கு எடுப்பார்கள். நாளை வரைக்கும் அவள்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பையைத் தட்டிப் பார்த்தாயிற்றாம். ஒரு பொட்டப்பிள்ளையின் பையை, நாலு ஆம்பிளைகளுக்கு முன்னால். பட்டமுத்து அடுத்த கன்னத்தில் கத்தியை வைத்தான்.

"அவ ஆத்தாகிட்ட நான் என்ன சொல்லுவேன் மச்சான்" என்றான். கத்தி சறுக்கியது. கன்னத்தில் நுரைக்குள் சிவப்பாக ஒரு கோடு வந்தது. "அய்யய்யோ, மன்னிச்சிக்கிடுங்க. கை நெலகொள்ள மாட்டேங்கு. இருபத்தஞ்சு வருசத்துல ஒருத்தரை நான் வெட்டுனதில்ல." படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தான். சுரீர் என்று எரிந்தது. உடம்பெல்லாம் கூசிச் சிலிர்த்தது. அவன் மன்னிச்சிக்கிடுங்க என்றான். என்னிடமா? என்னிடம் வந்து, இவன், மன்னிப்பா? குத்தாலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. படிகார எரிச்சல் என்று பட்டமுத்து நினைத்திருப்பான்.

எழுந்தான். துணி முடிச்சு ஒரு உதறலில் அவிழவில்லை. அதோடேயே நடந்தான். "மச்சான், மச்சான், பாதிதான் ஆயிருக்கு" என்று பின்னால் குரல் வந்தது. ரோட்டில் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனடித்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். டீக்கடையில் சிரித்தார்கள். நின்றால் திரும்பிவிடுவோம் என்ற பயத்தில்தான் நடந்தான், வேறு எந்தத் தைரியத்திலும் இல்லை. கடைக்குள் எலுமிச்சை வாசம் நெற்றியில் அடித்தது. முப்பிடாதி மூடைமேல் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அவள் பையிலிருந்தது அத்தனையும் பரப்பிக் கிடந்தது. தூக்குவாளி, சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, துணியில் சுற்றின ஏதோ ஒன்று, அதைக்கூடப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். மடிக்குள் கை போனது. நாலு கட்டில் அது எது என்று பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இது எங்கிட்ட வந்துட்டு" என்றான்.

எப்போது பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று ஒரு பொய்யை நாக்கு நுனியில் வைத்திருந்தான், அது அங்கேயே கிடந்தது. அவர் அவன் முகத்தைப் பார்த்தார், சிரைத்த பக்கத்தை, சிரைக்காத பக்கத்தை, கன்னத்து ரத்தத்தை, கழுத்துத் துணியை. பிறகு எதிரே சலூனைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் தான் நின்ற வாசலை, அந்த நாற்காலியை. முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண். அதில் நன்றி இருக்கும் என்று எந்த மடையன் எதிர்பார்த்தான், இவன்தான் எதிர்பார்த்தான். அவள் எழுந்து வந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி கட்டை வாங்கி மேல்தாளை உருவினார். விரலை நாக்கில் தொட்டார். ஒவ்வொரு தாளாக, விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்து, மேஜையில் வைத்து வைத்து எண்ணினார். முழுவதும் எண்ணினார். மூடைகளுக்கு நடுவே நின்ற சம்சாரிகள் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கல்லாவைத் திறந்து ஒரு நூறுக் கட்டை எடுத்து, சுற்றியிருந்த தாளைப் பிரித்து நேராக்கி, பத்துத் தாளையும் விரித்து மேஜை ஓரத்தில் அவன் பக்கமாகத் தள்ளினார்.

"எண்ணிப் பாத்துக்கிடுங்க" என்றார்.

நீ, வா, போ என்றுதான் அவர் எப்போதும் கூப்பிடுவார். குத்தாலிங்கம் தாள்களை எடுத்தான். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்ல வாய் வந்தது, சொல்லும் தகுதி வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலை நாக்கில் தொட்டான், சோப்புக் கசந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினான். பாதியில் தப்பிப் போய், மறுபடியும் ஒண்ணிலிருந்து ஆரம்பித்தான்.